புல்லு மருந்தின் கதை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற வாத்தியார் என்று என்னைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

போன வாரம் உரக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்: "வரப்புப் புல்லுக்கு அடிக்கப் பாராகுவாட் வாங்கிட்டுப் போனவரு, மூணு நாள் கழிச்சுக் கையெல்லாம் வெந்துபோய் வந்து நிக்கிறாரு சார். கையுறை போடுங்கன்னா யாரு கேக்குறா? எல்லாம் கவனக்குறைவு." நல்ல பிள்ளை. கடையில் ஆட்கள் நின்றார்கள், அங்கே வைத்து விவாதிக்க நான் விரும்பவில்லை. ஆனால் "கவனக்குறைவு" என்ற அந்தச் சொல் வீடு வரைக்கும் என்னோடு வந்தது. ஏனென்றால் இந்த மருந்துக்கும் நம் சனங்களின் கைகளுக்கும் 60 வருடப் பழக்கம் உண்டு. அந்த வரலாற்றைக் கொஞ்சம் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சின்ன அறிவியல் பாடம். தோலைச் சுடுகிற ரசாயனங்கள் எல்லாம் ஒரே மாதிரி சுடுவதில்லை. பருத்தி விதையின் பஞ்சை நீக்க, ஒரு கிலோ விதைக்கு 100 மில்லி என்று அடர் கந்தக அமிலம் ஊற்றிக் கிளறுவார்கள். பருத்தி போட்டவர்களுக்குத் தெரியும். அது கையில் ஒரு சொட்டுப் பட்டால் அந்த நொடியே தெரிந்துவிடும். ஆள் துள்ளிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடுவார். அந்த வலிதான் அவரைக் காப்பாற்றுகிறது. சுண்ணாம்பு அப்படியல்ல, கொஞ்சம் மெதுவாக உள்ளே போகும். கண்ணில் விழுந்த சுண்ணாம்பு அமிலத்தைவிட ஆழமாக அரிக்கும். காளவாய் வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள், அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது வகைதான் பாராகுவாட். பட்டவுடன் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தண்ணீர் மாதிரி வழியும். துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பல மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் சிவந்து, எரிந்து, கொப்புளம் போடும். கண்ணில் தெறித்தாலும் அப்படித்தான். முதல் நாள் லேசான உறுத்தல் என்று விட்டுவிட்டால், அடுத்தடுத்த நாட்களில் விழிப்படலம் வரை புண்ணாகும். எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கிற விஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது களைக்கொல்லியாகப் பிறந்த பொருளே இல்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1882இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹுகோ வீடெல், தன்னோடு வேலை பார்த்த ருஸ்ஸோ என்பவருடன் சேர்ந்து இதை முதலில் தயாரித்தார். எதற்குப் பயன்படும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. 50 வருடம் கழித்து, 1930களில், லியோனர் மைக்கேலிஸ் என்ற உயிர்வேதியியல் அறிஞர் இதன் ஒரு குணத்தைக் கண்டார். ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் நிறமற்ற இந்தக் கரைசல் நீலமாகிறது, ஆக்சிஜன் பட்டால் திரும்பவும் நிறம் போகிறது. நாம் பள்ளியில் லிட்மஸ் தாளை வைத்து அமிலமா காரமா என்று பார்த்தோமே, அதைப் போல ஆய்வகத்தில் நிறம் மாறிக் காட்டுகிற ஒரு காட்டியாக இது இருந்தது. எலக்ட்ரானை வாங்குவது, ஆக்சிஜனிடம் கொடுப்பது, மறுபடி வாங்குவது. இந்த ஓயாத கைமாற்றல்தான் பிற்பாடு புல்லைக் கருக்கியது. மனிதருக்குள் போனபோது நுரையீரலைக் கெடுத்ததும் அதே கைமாற்றல்தான்.

அதே நேரத்தில் வயலில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. கையால் களை எடுக்கிற கூலியைக் குறைக்க ஐரோப்பாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழி தேட ஆரம்பித்துவிட்டார்கள். பிரான்சில் தானிய வயல்களில் நீர்த்த கந்தக அமிலத்தையே களைக்குத் தெளித்தார்கள். நம்புங்கள், அமிலத்தைத்தான். பிறகு டி.என்.ஓ.சி. என்ற மஞ்சள் பொருள் வந்தது. அடித்தவர்களின் தோலும் முடியும் மஞ்சளாகும். தோல் வழியே உள்ளே போய் உடம்பைக் கொதிக்க வைக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் இதை அடித்த தொழிலாளர்கள் சிலர் இறந்தார்கள். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு குழு போட்டு விசாரித்து, 1952இல் விவசாய நச்சுப் பொருட்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். தொழிலாளிக்குப் பாதுகாப்பு உடை கொடுப்பது முதலாளியின் கடமை ஆயிற்று. இந்த வருடத்தை நினைவில் வையுங்கள். 1952லேயே, செத்தவன் மேல் பழி போடாமல் உடை கொடுக்காதவனைக் கேள்வி கேட்க அந்த நாட்டுக்குத் தெரிந்திருந்தது.

அதே இங்கிலாந்தின் ஆட்சியில் அப்போது இருந்தது மலாயா. நம் ஊர்களில் மலாயாவுக்கு ஆள் போகாத குடும்பம் குறைவு. கங்காணியோடு கப்பலேறி, ரப்பர் தோட்டத்து லயங்களில் குடியேறி, விடியற்காலையில் பால் வெட்டி வாழ்ந்தவர்கள். பால் மரத்துக்கு அடியில் மண்டுகிற புல்லைக் கொத்தி எடுப்பதும் அவர்கள் வேலைதான், அதிலும் பெண்கள் வேலை. அந்தக் கூலியைக் குறைக்கத் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். ஆர்சனிக் என்றால் பாஷாணம். நம் பாட்டிமார் கதையில் சோற்றில் கலப்பார்களே, அந்தப் பாஷாணத்தின் உறவுதான். அடித்த புல்லைத் தின்ற மாடுகள் செத்தன. அடித்தவர்களின் தோலில் புண் வந்தது. புதிதாக ஒரு மருந்து வந்து இதை ஒழித்தால் போதும் என்று தோட்ட நிர்வாகங்களே காத்திருந்த காலம் அது.

1955இல், இங்கிலாந்தின் ஜெலாட்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த ஐ.சி.ஐ. நிறுவனத்தின் விவசாய ஆய்வு நிலையத்தில், இந்த வகைப் பொருட்கள் பச்சைச் செடியைக் கருக்குவதைக் கண்டுபிடித்தார்கள். 1962இல் பாராகுவாட் விற்பனைக்கு வந்தது. ஏன் அவ்வளவு கொண்டாடினார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வெயிலில் சில மணி நேரத்தில் புல் வாடிக் கருகும். அடித்த அரை மணியில் மழை பெய்தாலும் பலன் போகாது. மண்ணில் விழுந்தால் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும், அதனால் அடுத்து விதைக்கிற பயிருக்குக் கேடில்லை. பழுப்பான மரப்பட்டையில் பட்டாலும் மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. உழாமலே விதைக்கலாம் என்ற விவசாய முறைக்கு இது பெரிய துணையாக இருந்தது. ரப்பர் தோட்டத்துக்கென்றே செய்தது போல அமைந்தது. பாஷாணத்தோடு ஒப்பிட்டால் தேவலை என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

மரப்பட்டையைப் பார்த்தவர்கள் மனிதத் தோலையும் பார்க்கத்தான் செய்தார்கள். 1965லும் 1967லும் மலேசிய ரப்பர் தோட்டங்களில், மருந்து அடிக்கிற தொழிலாளர்களை வைத்தே ஆய்வு நடந்தது. முடிவு 1969இல் இங்கிலாந்தின் தொழில்சார் மருத்துவ இதழில் வெளிவந்தது. அடித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தோலிலும் கண்ணிலும் லேசான எரிச்சல் வந்தது, சிகிச்சையில் சீக்கிரம் குணமானது என்று அதில் எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த "லேசான" என்ற இடத்தில்தான் நின்றுவிடத் தோன்றுகிறது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் கண் எரிந்தால் எந்த ஆசிரியராவது அதை லேசு என்று பதிவேட்டில் எழுதுவாரா? சிகிச்சையில் குணமானது என்பதும் அப்படித்தான். ஆய்வு நடந்தபோது மருத்துவர் பக்கத்தில் இருந்தார். ஆய்வு முடிந்து அவர் போன பிறகும் மருந்து அடிப்பது நடந்துகொண்டே இருந்தது.

அதே 1969இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இன்னொரு கட்டுரை. இந்த மருந்தைக் கையாண்டவர்களின் நகங்களைப் பற்றியது. நகத்தில் குறுக்கே வெள்ளைப் பட்டை, மஞ்சள் நிறம், பிறகு நொறுங்குதல், கடைசியில் நகமே கழன்று விழுதல். 1971இல் டிரினிடாட் தீவின் கரும்புத் தோட்டத்தில் 296 தெளிப்பாளர்களைப் பார்த்தார்கள், 55 பேருக்கு நகம் கெட்டிருந்தது. ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். டிரினிடாட் கரும்புத் தோட்டம் என்றாலே அதுவும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் பேரப் பிள்ளைகள் வேலை செய்த இடம். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. காரணமாக அந்த ஆய்வில் காட்டப்பட்டது முதுகில் மாட்டும் டேங்கின் கசிவு. ஆக, மருந்து சந்தைக்கு வந்து 10 வருடம் முடிவதற்குள், எந்த விரல் எப்படிப் போகும் என்பது வரைக்கும் அச்சில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில், லண்டனில்.

இந்தக் கட்டுரைகளைப் பற்றித் தெரிவதற்கு வெகு காலம் முன்பே நான் அந்த நகத்தைப் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் ஊர் திரும்பின. என் அத்தையும் மாமாவும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். நான் அப்போது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவின் வலது கையில் மூன்று விரல்களுக்கு நகம் சரியாக இல்லை. மேடு பள்ளமாக, மஞ்சள் பூத்து, ஓரம் பிய்ந்து இருக்கும். வெற்றிலைக்குக் காம்பு கிள்ளக்கூட அத்தைதான் வேண்டும். "என்ன மாமா இது?" என்றால், "புல்லு மருந்து அடிச்ச கை மாப்ள" என்பார். அவ்வளவுதான். மருந்தின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது, தோட்டத்தில் யாரும் சொன்னதும் இல்லை. டின்னில் இருந்து ஊற்றுவார்கள், கலக்குவார்கள், அடிப்பார்கள். இதில் ஒரு ஆறுதல், வேலையை விட்ட பிறகு நகம் நல்லபடியாக வளர்ந்துவிட்டது. கைநகம் அடியிலிருந்து நுனி வரை புதிதாக வளர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். நான் ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மாமா தானே காம்பு கிள்ளினார். ஆனால் தோட்டத்திலேயே இருந்திருந்தால் அது வளர்ந்திருக்காது. அத்தையின் மூத்த மகள், எங்கள் அத்தாச்சி, அங்கேயே வாழ்க்கைப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எப்படி நகம் போகிறது, கை வேகிறது என்று கேட்டால், பெரும்பாலும் அது அடிக்கும்போது நடப்பதில்லை, கலக்கும்போது நடக்கிறது. டப்பாவில் இருக்கும் மூல மருந்து, டேங்கில் கலந்த தண்ணீரைவிட நூறு மடங்குக்கு மேலும் அடர்த்தியாக இருக்கும். மூடியைத் திருகும்போது வழிகிற இரண்டு சொட்டு, மூடியிலேயே அளந்து ஊற்றும்போது விரலில் ஓடுகிற ஒரு கோடு, அதுதான் நகத்தின் அடிக்குள் இறங்குகிறது. தண்ணீரில் கலந்த பிறகும் ஆபத்து தீர்ந்துவிடாது. ஈரச் சட்டையோடு மணிக்கணக்கில் வெயிலில் நின்றால் அந்த நீர்த்த மருந்தே போதும், முதுகும் இடுப்பும் தொடையும் வெந்துவிடும். நல்ல தோல் இந்த மருந்தை எளிதில் உள்ளே விடாது. அது பெரிய காவல். ஆனால் மருந்தே தோலைப் புண்ணாக்கி, அந்தப் புண் வழியாகவே உள்ளே போகிறது. காவலாளியை அடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைகிற திருடன் மாதிரி. தோல் வழியாக ஏறி நுரையீரல் கெட்டு இறந்தவர்களைப் பற்றி 1970களின் இறுதியிலிருந்து மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. பாப்புவா நியூ கினித் தீவிலிருந்து 1982இல் வந்த அறிக்கை ஒன்று. குடித்து இறந்தவர்கள் இல்லை இவர்கள். உடம்பில் பட்டு இறந்தவர்கள்.

அந்த டேங்குக்கும் ஒரு வரலாறு உண்டு. 1880களில் பிரான்சில் திராட்சைக் கொடிகளுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்தது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்தால் அது அடங்குகிறது என்று போர்தோ ஊரில் மில்லார்டே என்பவர் 1885இல் அறிவித்தார். நம் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் அடிக்கிறார்களே, அதே போர்டோ கலவை. அதைத் தெளிப்பதற்காக விக்டர் வெர்மோரல் போன்றவர்கள் முதுகில் மாட்டிக் கையால் பம்பு அடிக்கும் டேங்கைச் செய்து விற்றார்கள். பிரான்சு நாட்டு இளவெயிலில், தடித்த சட்டை போட்டவன் முதுகுக்கு, சுண்ணாம்புத் துத்தக் கலவைக்காகச் செய்த கருவி. அது ஒழுகினால் சட்டை நீலமாகும், தோல் கொஞ்சம் காந்தும், அவ்வளவுதான். 80 வருடம் கழித்து அதே அமைப்பில், தகரமும் பித்தளையும் போய் பிளாஸ்டிக் வந்த டேங்கில், பாராகுவாட்டை ஊற்றி மெல்லிய சட்டை போட்ட நம் ஆட்களின் முதுகில் மாட்டினோம். மருந்து மாறியது, வெயில் மாறியது, முதுகு மாறியது. டேங்கும் அதன் ரப்பர் வாஷரும்தான் பெரிதாக மாறவில்லை. 16 லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. குனிந்து நிமிரும்போது மூடி வழியாகத் தளும்பி நேராக முதுகுத்தண்டில் இறங்கும். வாஷர் மாற்ற ஆகும் செலவு ஒரு டீ வடைக் காசு.

மருந்து மாறவே இல்லையா என்று கேட்பீர்கள். மாறியது. ஆரம்பத்தில் அது கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. குளிர்பான பாட்டிலில் மீதத்தை ஊற்றி வைத்து, தெரியாமல் குடித்துச் செத்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அதற்காக நீல நிறம் சேர்த்தார்கள், கெட்ட வாடை சேர்த்தார்கள், குடித்தால் வாந்தி வர ஒரு பொருளையும் சேர்த்தார்கள். அந்த வாந்தி மருந்தின் அளவு போதுமா என்று பிற்காலத்தில் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி ஒருவரே கேள்வி எழுப்பினார், அது தனிக் கதை. என் கவனம் வேறு இடத்தில் இருக்கிறது. நிறமும் வாடையும் வாந்தியும் வாயைக் காக்க வந்தவை. கைக்கும் முதுகுக்கும் கிடைத்தது பெரும்பாலும் லேபிளில் சில வரிகள்: கையுறை அணியவும், கண்ணாடி அணியவும், உடனே கழுவவும்.

இப்போது அத்தாச்சியின் கதை. 1970களிலிருந்து மலேசியத் தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறின. குலை வெட்டும், பாரம் தூக்கும் வேலைக்கு ஆண்கள் போனார்கள். மருந்து அடிப்பது "லேசான வேலை" என்று பெண்களுக்கு வந்தது. மறுபடியும் அந்த லேசு! அத்தாச்சி 20 வருடம் அடித்தார். ஒரு முறை ஊருக்கு வந்திருந்தபோது நான் கேட்டேன், கையுறை கொடுப்பார்களா என்று. அவர் சொன்னது அப்படியே: "குடுப்பாக தம்பி. ஒரு சோடி. அது கிழிஞ்சா நம்ம காசு. வெயில்ல வேர்த்து உள்ள தண்ணியா நிக்கும். மருந்து ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா அதுக்குள்ளயே ஊறும், போடாம இருக்கறதே தேவலைன்னு கழட்டிருவோம். ஒரு நாளைக்கு இத்தன டேங்குன்னு கணக்கு. கிராணி எண்ணிக்கிட்டு நிப்பாரு. கை கழுவ வாய்க்காலத் தேடிப் போனா ஒரு டேங்கு குறையும்."

கவனித்தீர்களா? அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியான அறிவியல். கிழிந்த கையுறைக்குள் சிக்கிய மருந்து, வெறும் தோலில் பட்டுக் காற்றில் உலரும் மருந்தைவிட மோசமாகச் சுடும். மூடி வைத்த புண் போல அது உள்ளேயே வேகும். பள்ளிக்கூடம் இரண்டு வருடம்தான் போனவர் அவர். கழட்டியது அவருடைய கணக்குப்படி புத்திசாலித்தனம். கணக்கையே தப்பாகப் போட்டுக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

இந்தப் பெண்களைப் பற்றி முதலில் உரக்கப் பேசியவர்களில் ஒருவர் ஐரின் பெர்னாண்டஸ். கெடா மாநிலத்தில் 1946இல் பிறந்தவர். தொடக்கத்தில் அவரும் நம்மைப் போல ஆசிரியர்தான், பிறகு வேலையை விட்டுத் தொழிலாளர் இயக்கத்துக்குப் போனார். அவர் தொடங்கிய தெனாகானித்தா என்ற அமைப்பு, தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களைச் சந்தித்து, 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தோல் அரிப்பு, புண், கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், நிறம் மாறி உதிரும் நகம். என் மாமா கையில் நான் பார்த்தவைதான், 30 வருடம் கழித்து அடுத்த தலைமுறைப் பெண்களின் கையில். அதே 2002இல் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. தோட்ட முதலாளிகளும் மருந்துத் தரப்பும் விடவில்லை. 2006இல் தடை தளர்ந்தது. முழுத் தடை வர 2020 சனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐரின் 2014லேயே காலமாகிவிட்டார். அத்தாச்சியும் அதற்கு முன்பே மருந்து அடிக்கும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவீடன் 1983லேயே தடை செய்தது. சுவிட்சர்லாந்து 1989இல். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் அனுமதித்தது. சுவீடன் வழக்குப் போட்டது. 2007 சூலையில் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது, தொழிலாளர் பாதுகாப்பைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதும் அதில் ஒரு காரணம். அதற்குப் பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் ஆலையில் தயாராகி வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. தன் வயலில் கூடாது, அடுத்தவன் வயலில் ஆகலாம்! இலங்கை சில வருடங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியது. அங்கே முக்கியமான காரணம் தற்கொலைகள். கேரளம் 2011இல் தடுத்தது. 2020இல் தாய்லாந்தும் பிரேசிலும் தடை செய்தன.

நம் நாட்டில் 1958இல் கேரளத்தில் ஒரு பெரிய துயரம் நடந்தது. பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கப்பலில் கோதுமை மாவோடு கலந்துபோய், அதைச் சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971இல் அதன் விதிகளும் வந்தன. டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போடுவது அந்த விதிகளில் வந்தது. பாராகுவாட்டுக்கு மஞ்சள். பல பேர் நினைக்கிறார்கள், சிவப்பு இல்லையே, அப்படியானால் பெரிய ஆபத்து இல்லை என்று. அந்த நிறம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: சோதனை விலங்கு சாவதற்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும்? கண் போகுமா, நகம் போகுமா, முதுகு வேகுமா என்ற கேள்விக்கு முக்கோணத்தில் பதில் கிடையாது. விவரம் உள்ளே மடித்து வைத்த காகிதத்தில் இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது, எழுத்துதான் கடுகை விடச் சிறியது. கண்ணாடி போட்டும் எனக்கு வாசிக்க முடியவில்லை. கூலிக்கு அடிக்க வருகிற ஆள் அந்தக் காகிதத்தைப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் டப்பாவை வாங்கி உடைத்தவர் தோட்டக்காரர்.

அதனால் என் கடைக்கார மாணவருக்கு இதைச் சொல்கிறேன். தம்பி, நீ தப்பு செய்தாய் என்று நான் சொல்லவில்லை. கையுறை போடச் சொன்னாயே, அதுவே பல பேர் செய்யாதது. ஆனால் அடுத்த முறை டப்பாவோடு ஒரு சோடி தடித்த நைட்ரைல் கையுறையையும் ஒரு அளவுக் குவளையையும் சேர்த்துக் கொடு, பில்லில் போட்டுக்கொள். சாயம் போடுகிற மெல்லிய பாலித்தீன் கையுறை வேண்டாம், அது வேர்வையில் கிழியும். டேங்க் வாஷர் பத்து வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிடு. கேட்கிறவருக்கு மட்டும் இல்லை, டேங்க் வைத்திருக்கிற எல்லோரிடமும் "ஒழுகுதா?" என்று கேள்.

மருந்து பட்டுவிட்டால் என்ன செய்வது என்று பிள்ளைகளில் சிலர் கேட்பீர்கள். வலிக்கிறதா என்று காத்திருக்காதீர்கள், இந்த மருந்தில் வலி நேரத்துக்கு வராது. நனைந்த சட்டையை உடனே கழற்றுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள், சோப்புப் போட்டு மெதுவாக, தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல். கண் என்றால் இமையைத் திறந்து பிடித்து அதே அளவு நேரம் ஊற்ற வேண்டும், பிறகு எரிச்சல் நின்றாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பற்பசை, மஞ்சள், பேனா மை, சாணி எதுவும் வேண்டாம். போகும்போது டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துப் போங்கள். "புல்லு மருந்து" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. உடம்பில் ஏற்கெனவே வெட்டுக்காயம், சொறி, வேர்க்குருப் புண் இருக்கிறவர் அன்றைக்கு டேங்க் மாட்டாமல் இருப்பது நல்லது. வேறு ஆள் இல்லை என்றால் புல்லைக் கையால் வெட்டுங்கள், ஒரு நாள் தாமதமானால் வரப்பு ஓடிப்போகாது.

மலேசியாவில் இருக்கிற சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் மருந்து அடித்தவர்கள் இன்னும் வீட்டில் இருந்தால், அவர்கள் அந்த டேங்கை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஒரு நாளைக்கு எத்தனை டேங்க் கணக்கு, கை கழுவத் தண்ணீர் எங்கே இருந்தது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. அத்தாச்சிக்கு இப்போது காது மந்தம், தொலைபேசியில் நான் கத்திக் கேட்டால் பாதிதான் விளங்குகிறது. பக்கத்தில் இருக்கிற பேத்திமார் யாராவது உட்கார்ந்து எழுதி வாங்கினால் புண்ணியமாகப் போகும்.